இரட்டைப் புயல்: பாஸ்டனில் பனி எத்தனை செ.மீ.?

கேள்வி: ஒஹாயோ பக்கமிருந்து ஒரு தாழ்வழுத்தம், அது தேய்ந்ததும் நியூ ஜெர்சி கடலோரத்தில் இன்னொன்று. வானிலைக் கணிப்பு மாடல் மொத்தம் 30 மி.மீ. நீர் காட்டுகிறது. 1 பங்கு நீருக்கு 10 பங்கு பனி (1-க்கு 10) என்று பெருக்கி 30 செ.மீ. பனி எனலாமா?

பதில் 1: கூடாதுங்க. கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடுங்கள். முதல் கட்டத்தில் 850–700 மில்லிபார் அழுத்த மட்டத்தில் (சுமார் 1.5–3 கி.மீ. உயரம்) சூடான காற்று நுழைந்து பனியை உருக்கும், கீழே வரும்போது அது மறுபடி உறையும். தரையில் மைனஸ் 3 டிகிரி இருந்தாலும் விழுவது பனிக்கட்டித் துகள்தான், 10 மி.மீ. நீருக்கு 2–3 செ.மீ. தேறினால் அதிகம். 850 வரைபடத்தை மட்டும் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். சூடு 750 பக்கம் ஒளிந்திருக்கும். செங்குத்து வெப்பநிலைக் கோட்டைத் திறந்து, எந்த மட்டத்திலாவது பூஜ்யத்தைத் தாண்டுகிறதா பாருங்கள்.

பதில் 2: இரண்டு தாழ்வுக்கும் நடுவிலான இடைவெளியில் மேலடுக்கு வறண்டால் பனிப்படிகம் உருவாகாது, உறைதூறல்தான் (தரையில் பட்டதும் உறையும் தூறல்) வரும். இரண்டாவது கட்டம் முழுக்கக் கடலோரத் தாழ்வின் பாதையைப் பொறுத்தது. கரையை ஒட்டி வந்தால் கிழக்குக் கடல்காற்றில் பாஸ்டனில் மழை, உள்நாட்டில் இருக்கும் வூஸ்டரில் பனி. தள்ளிப்போய், பனிப்படிகம் நன்றாக வளரும் மைனஸ் 12–18 டிகிரி அடுக்கில் காற்று பலமாக மேலெழுந்தால் 1-க்கு 15கூடக் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்: அளப்பது எப்படி?

பதில் 1: வெள்ளைப் பலகை வைத்து அளந்து துடையுங்கள், ஆனால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். அடிக்கடி துடைத்தால் கணக்கு ஊதிவிடும்.