"இயற்குறி" – நேச்சுரல் பாயின்ட் ஆஃப் எய்ம் என்பதற்கு ஒரு பரிந்துரை

> ரைஃபிள் பயிற்சியில் வரும் "நேச்சுரல் பாயின்ட் ஆஃப் எய்ம்" என்பதற்கு "இயற்கை இலக்குப் புள்ளி" அல்லது "இயல்நோக்கு" எனலாமா?

வணக்கம்.

இரண்டும் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். இலக்கு என்பது எதிரே மாட்டியிருக்கும் அட்டை. நாம் பெயர் தேடுவது, உடம்பைத் தளரவிட்டால் துப்பாக்கி தானாகப் போய் நிற்கும் இடத்துக்கு. புதிதாகப் பழகுபவருக்கு அந்த இடம் அட்டைக்கு வெளியேகூட இருக்கும். "நோக்கு" என்றால் கண் வந்துவிடுகிறது. இந்தச் சோதனையோ கண்ணை மூடிக்கொண்டு செய்வது.

10 மீட்டர் ஏர் ரைஃபிளில், வலக்கைக்காரர் நின்று சுடுவதாக வைத்துக்கொள்வோம். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, பட் பிளேட்டை (துப்பாக்கியின் பின்முனைத் தகடு) தோளில் பொருத்தி, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்துக் குறி பார்க்கிறார். பிறகு கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, தோளையும் இடக்கையையும் தளர்த்திவிட்டுத் திறக்கிறார். சைட் (குறி பார்க்கும் கருவி) இப்போது எங்கே நிற்கிறதோ அதுதான் நாம் பெயர் வைக்க வேண்டிய இடம். நீண்ட நேரம் மூடியிருந்தால் உடம்பு ஆடத் தொடங்கிவிடும். சில நொடிகள் போதும்.

சைட் இடப்பக்கம் விலகி நின்றால் கையால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது. இடக்காலை அச்சாக வைத்து, வலக்காலைக் குதிகால் பக்கமாக நகர்த்த வேண்டும். வலப்பக்கம் விலகியிருந்தால் வலக்கால் விரல் பக்கமாக வரும். எவ்வளவு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பாதங்களுக்கிடையே 40 செ.மீ. இடைவெளி என்றால், வலக்காலின் 1 மி.மீ. நகர்வு கணக்குப்படி 10 மீட்டரில் 25 மி.மீ. அட்டையின் கறுப்பு வட்டமே 30.5 மி.மீ. விட்டம்தான், நடுவில் பத்து மதிப்பெண் தரும் இடம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. ஒரு செ.மீ. தள்ளி வைத்தால் அட்டையையே தாண்டிவிடும். மேல்கீழ் விலகலுக்குப் பட் பிளேட்டின் உயரத்தையோ தாங்கும் கையின் அமைப்பையோ மாற்றலாம். தலையை மட்டும் அசைக்கக் கூடாது.

தசையால் இழுத்துப் பிடித்துச் சுட்டால் என்ன ஆகும்? விசை (டிரிகர்) விடுபடும் கணத்தில் இறுக்கம் சற்றுத் தளரும், துப்பாக்கி தன் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், குண்டுகள் ஒரே பக்கமாக இழுபடும். இதைச் சைட் கோளாறு என்று எண்ணித் திருகுபவர்கள் அதிகம். அடுத்த முறை காலை வேறு மாதிரி வைத்ததும் குண்டுகள் மறுபக்கம் போகும். போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டும். அவ்வளவு நேரம் எந்தத் தசையும் ஒரே இறுக்கத்தில் நிற்காது. சுட்ட பிறகு சைட் பழைய இடத்துக்கே வந்து அமர்கிறதா என்று பார்ப்பது நல்ல அடையாளம். துப்பாக்கியை ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் காலை எடுத்தால், மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை "இயற்குறி". இயற்பெயர், இயற்சொல் போல. சுடுபவர்கள் "குறி பார்", "குறி தப்பிவிட்டது" என்று ஏற்கெனவே பேசுவதால் குறி என்ற சொல் புதிதல்ல. "இயற்குறி வலப்பக்கம் இருக்கு, காலை நகர்த்து" என்று பயிற்சியாளர் ஒரே மூச்சில் சொல்லலாம். "நிலைக்குறி" என்பதையும் யோசித்தேன். நின்ற நிலை, மண்டியிட்ட நிலை, கிடந்த நிலை மூன்றிலும் இந்த இடம் நிலையைப் பொறுத்தே மாறுவதால் பொருத்தம்தான். ஆனால் நிலையான குறி என்று படித்துவிடுவார்கள். மாறக்கூடியது என்பதுதான் இதன் முழுப் பொருளே.

கிடந்த நிலையிலும் இச்சொல் நிற்கும்: "இடது முழங்கையை எடுக்காமல் இடுப்பை நகர்த்தி இயற்குறியைத் திருத்து."

உங்கள் சொற்பட்டியலில் "டிரை ஃபயர்" என்பதற்கு உள்ள "உலர் சுடல்" என்பதையும் மாற்றிவிடுங்கள். குண்டில்லாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகுவதற்கும் ஈரத்துக்கும் தொடர்பில்லை. "வெற்றுச் சுடல்" போதும்.