புதுப்பிப்பு: சோஷியல் செக்யூரிட்டி விஷயத்தில் முடிவெடுத்துவிட்டோம்

அமெரிக்காவில் இருக்கும் நாங்கள் இருவரும் 62 தாண்டியதுமே சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தை எடுத்துவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

1960-க்குப் பிறகு பிறந்தவர்கள் என்பதால் எங்களுக்கு முழு ஓய்வு வயது, அதாவது குறைப்பில்லாமல் முழுத் தொகையும் கிடைக்கும் வயது, 67. அப்போது எனக்கு மாதம் 3,000 டாலர், மனைவிக்கு 1,600. நான் 62-இல் எடுத்தால் 2,100தான். 70 வரை பொறுத்தால் 3,720.

சாப்பாட்டு மேசையில் காலண்டர் தாளின் பின்புறம் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி பேனாவை வாங்கி, தன் தொகையை அடித்துவிட்டு, "நம்மில் ஒருத்தர் போயிட்டா பெரிய தொகை மட்டும்தானே வரும்?" என்றாள். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

அந்தப் பெரிய தொகையை வளர்ப்பதுதான் அவளுக்கு நான் வைத்துவிட்டுப் போகும் பாதுகாப்பு. அதனால் வேலையை விட்டுவிட்ட அவள் 63-இல் 1,200 டாலருடன் தொடங்குகிறாள். நான் 70 வரை காத்திருக்கிறேன். அதுவரை கணவன் என்ற முறையில் அவள் கணக்கின் பேரில் பாதித் தொகையை நான் தனியாக வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். அந்த வழி 1954-க்கு முன் பிறந்தவர்களோடு முடிந்துவிட்டது.

அப்புறம், ஓய்வூதியத்தைத் தள்ளிப்போட்டாலும் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு 65-ஐ ஒட்டியே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதைக் காலண்டரில் குறித்துவிட்டோம்.