கிராக் செய்த மென்பொருளில் சம்பாதிப்பது சரியா?

நிரலாளர்:
சிறிய மென்பொருள் ஒன்றை எழுதி விற்று வருகிறேன். கோப்பைச் சேமிக்கும்போது நிரல் நின்றுவிடுவதாகச் சென்ற வாரம் ஒருவர் முறையிட்டார். அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டின் மூலையில் தெரிந்த உரிம எண், மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் வேறொருவருக்கு வழங்கியது. அதே எண்ணுடன் வந்த நான்காவது முறையீடு அது. பிழையைச் சரிசெய்து கொடுத்தேன், ஆனால் மனம் ஆறவில்லை. என் உழைப்பை வைத்துச் சம்பாதிப்பவர் எனக்குரிய கூலியை மறுப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

வடிவமைப்பாளர்:
உங்கள் வருத்தம் புரிகிறது ஐயா. ஆனால் நான் தொழில் கற்றதே கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த மென்பொருளில்தான். அன்று அதை வாங்க எனக்கு வழியே இல்லாததால், நான் விட்டுவைத்திருந்தாலும் அந்த நிறுவனத்துக்கு ஒரு காசும் கூடியிருக்காது. இன்று வாங்க வசதி இருக்கிறது, வாங்கத்தான் முடியவில்லை. 2013-இல் போட்டோஷாப்பை உருவாக்கும் அடோபி நிறுவனம் தன் புதிய வடிவமைப்புப் பதிப்புகளைச் சந்தாவுக்கு மட்டுமே தருவதென அறிவித்ததிலிருந்து பலரும் அதே வழிக்கு வந்துவிட்டார்கள். பணம் கட்டுவதை நிறுத்தினால் நான் வரைந்த கோப்பையே திருத்த முடியாதென்றால், அது வாடகைதானே?

நிரலாளர்:
வாடகை பிடிக்காதவர் அந்த வீட்டில் குடியேறாமல் இருக்கலாம். பூட்டை உடைத்துக் குடியேறிவிட்டு அதை எதிர்ப்பு என்று சொல்லக் கூடாது. இது பழைய வழக்கு. ஆல்டேர் என்ற அக்காலத்துச் சிறு கணினியை வைத்திருப்போரில், தம் மைக்ரோசாஃப்ட் அதற்காக எழுதிய பேசிக் நிரல்மொழியை விலைக்கு வாங்கியவர்கள் 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் திறந்த கடிதம் எழுதினார். மாணவராக நீங்கள் செய்ததை நான் பெரிதுபடுத்தவில்லை. இன்று வாடிக்கையாளருக்கு பில் போடுகிறீர்கள் அல்லவா, அதைத்தான் கேட்கிறேன்.

கட்டற்ற மென்பொருள் பயனர்:
கூலிக்கு வேறு வழியும் உண்டு. பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்ட பிறகு, 2002-இல் அதன் பயனர்கள் ஏழே வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டி அதன் மூலநிரலை யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளாக வெளியிடச் செய்தார்கள். கிராக் செய்பவர் பெருநிறுவனத்தை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு, அதன் கருவிக்கே தம் கையைப் பழக்கி, கிம்ப், இங்க்ஸ்கேப் போன்ற கட்டற்ற வரைகலைக் கருவிகளுக்குச் சேர வேண்டிய பயனர்களைக் குறைக்கிறார் என்பது என் கருத்து. வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு நிறுவுமாறு கிராக்குடன் வரும் குறிப்பு சொல்லும்போதாவது அவர் யோசிக்க வேண்டும்.

வடிவமைப்பாளர்:
கிம்ப்பில் ஆறு மாதம் முயன்றேன். அச்சகத்தார் கேட்கும் கோப்பு வடிவத்தில் அடுக்குகள் குலையாமல் கொடுக்க என்னால் இயலவில்லை. ஆனால் பில் போடுவதைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களைப் போன்ற தனி நிரலாளர்கள் எழுதிய இரண்டு கருவிகள் என் கணினியில் கிராக் பதிப்பாகவே இருந்தன. நேற்று இரண்டுக்கும் உரிமம் வாங்கிவிட்டேன். பெருநிறுவனத்தின் சந்தாவைக் கட்ட இன்னும் மனம் ஒப்பவில்லை.

நிரலாளர்:
அந்த இருவர் சார்பில் நன்றி. ஆனால் பெருநிறுவனத்திலும் என்னைப் போன்றவர்கள்தான் சம்பளத்துக்கு நிரல் எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம் என்பதை நான் ஏற்க மாட்டேன்.