காது ஆபரேஷனுக்கு முன்னால் எதற்கு சி.டி. ஸ்கேன்?

குழு: மேலத்தெரு வீடு

செல்வம் சித்தப்பா: டாக்டர் மைக்ராஸ்கோப் வைத்துக் காதைப் பார்த்துவிட்டார். செவிப்பறையில் ஓட்டை, உள்ளே வெள்ளையாக ஏதோ இருக்கிறது, ஆபரேஷன்தான் என்றார். இப்போது சி.டி. ஸ்கேன் எடுத்து வரச் சொல்கிறார். பார்த்ததையே மறுபடி பார்ப்பானேன்?

ராஜி அத்தை: எல்லாம் காசு பிடுங்கத்தான் தம்பி. பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி இரண்டு சொட்டு விடு.

பானு அக்கா: ஐயோ அத்தை, எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஓட்டை வழியாக நேரே உள்ளே போய்விடும். சித்தப்பா, சீட்டை போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

செல்வம் சித்தப்பா: 📷

நான்: சீட்டில் ‘கொலஸ்டியடோமா’ என்று எழுதியிருக்கிறதே? கொலஸ்ட்ரால்தானே அக்கா? சித்தப்பா தினமும் பரோட்டா...

பானு அக்கா: 😄 பெயரால் வந்த குழப்பம். 1838-ல் யோஹானஸ் முல்லர் என்ற ஜெர்மன் மருத்துவ அறிஞர் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அது வெறும் தோல்தான். நடுச்செவிக்குள் நுழைந்துவிட்ட தோல், செதில் செதிலாக உதிர்ந்து ஒரு பைபோலச் சேர்கிறது. புற்று இல்லை. ஆனால் பக்கத்து எலும்பை அரித்துக்கொண்டே போகும்.

குமார் மாமா: அப்படியென்றால் எடுத்துப் போடவேண்டியதுதானே. படம் எதற்கு? எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சி.டி. இல்லாமல்தான் காது ஆபரேஷன் செய்தார்கள்.

பானு அக்கா: அவனுக்குச் சீழ் இல்லாத காய்ந்த காதாக இருந்திருக்கும் மாமா. செவிப்பறைக்கு ஒட்டுப் போடுவதற்குப் பெரும்பாலும் சி.டி. தேவையில்லை. சித்தப்பாவுக்குக் காதின் பின்பக்க எலும்பை ட்ரில் பண்ணவேண்டும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தது சாவித் துவாரம் வழியாக வீட்டைப் பார்த்த மாதிரிதான். அந்த எலும்புக்கு மேலே மெல்லிய கூரை, அதற்கு மேல் மூளை. பின்னால் பெரிய ரத்தக்குழாய். நடுவே முக நரம்பு ஓடுகிறது, அதில் பட்டால் வாய் கோணிவிடும். உள்பக்கம் உடம்பின் சமநிலையைப் பார்க்கும் அரைவட்டக் குழல். இவை எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சிலருக்குக் கூரை தாழ்ந்திருக்கும், சிலருக்கு ரத்தக்குழாய் முன்னால் வந்திருக்கும். ட்ரில்லைக் கையில் எடுப்பதற்கு முன்பே அது தெரியவேண்டும்.

செல்வம் சித்தப்பா: காதை அழுத்தினால் எனக்குத் தலை சுற்றுகிறதே, அதுவும் இதனாலா?

பானு அக்கா: இதை டாக்டரிடம் சொன்னீர்களா?

செல்வம் சித்தப்பா: கேட்கவில்லை, சொல்லவில்லை.

பானு அக்கா: நாளைக்கே சொல்லுங்கள். அந்தக் குழலின் எலும்பு அரிக்கப்பட்டிருந்தால் அப்படி வரும். அது தெரியாமல் பையை இழுத்தால் மிச்சமிருக்கும் கேட்கும் சக்தியும் போய்விடலாம்.

ராஜி அத்தை: ஊசி போடுவார்களா? கதிர் ஆகாதே?

பானு அக்கா: இதற்குப் பொதுவாக ஊசி கிடையாது அத்தை. சில நிமிடம் அசையாமல் படுத்தால் போதும், கதிர் கொஞ்சம்தான். சித்தப்பா, கடுக்கனைக் கழற்றிவிடுங்கள். சாதாரண தலை சி.டி. எடுத்துவிடப் போகிறார்கள், ‘டெம்போரல் போன் எச்.ஆர்.சி.டி.’ என்று சீட்டில் உள்ளதைக் காட்டுங்கள். காதைச் சுற்றியுள்ள எலும்பை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டுகளாகப் படம் எடுப்பது அது. ஃபிலிமோடு, படங்களைப் பதிந்த கம்ப்யூட்டர் தட்டையும் கேட்டு வாங்குங்கள்.

குமார் மாமா: அதில் எல்லாம் தெரிந்துவிடுமா?

பானு அக்கா: தெரியாது மாமா. எலும்பு அரிப்பு நன்றாகத் தெரியும். ஆனால் சீழ், வீங்கிய சதை, இந்தத் தோல் மூன்றும் ஒரே சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். திறந்து பார்த்த பிறகுதான் முழுக் கதையும்.

(வெள்ளிக்கிழமை)

செல்வம் சித்தப்பா: ரிப்போர்ட் வந்துவிட்டது. காதுக்குள் ஒலியைக் கடத்தும் பட்டடை எலும்பு பாதி காணோமாம். அரைவட்டக் குழலின் மேல் எலும்பு மெலிந்திருக்கிறதாம். தலைசுற்றலையும் சொன்னேன். அந்த இடத்தைக் கடைசியாகத் தொடுகிறேன் என்றார் டாக்டர். கேட்கும் திறனைச் சரிசெய்வது அப்புறம் பார்க்கலாமாம்.

பானு அக்கா: முக நரம்பு?

செல்வம் சித்தப்பா: அது பரவாயில்லை என்று எழுதியிருக்கிறது. வியாழக்கிழமை அட்மிஷன். துணைக்கு யார் வருகிறீர்கள்?

குமார் மாமா: நான் வருகிறேன் மாப்பிள்ளை. அந்தத் தட்டை மறக்காமல் எடுத்து வை.