பக்கத்து வீட்ல தறி ஓடுது, பாட்டு ரெக்கார்ட் பண்ண எந்த மைக் வாங்கலாம்?

அம்மாபேட்டை_பாட்டுக்காரி:
வணக்கம்ங்க. சேலம் அம்மாபேட்டைல இருக்கேன். சின்ன வயசுல இருந்து கோயில்ல பாடிப் பழக்கம், இப்ப வீட்லயே அம்மன் பாட்டு, பழைய சினிமா பாட்டுன்னு பாடி போடலாம்னு ஆசை. இதுவரைக்கும் எல்லாம் போன்லதான். சித்தி பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது அவன் வச்சிருந்த இன்டர்ஃபேஸ (மைக்க லேப்டாப்போட இணைக்கற டப்பா) என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டான், அதுல 48 வோல்ட்னு ஒரு பட்டன் இருக்கு, அது எதுக்குன்னே போன வாரம்தான் தெரிஞ்சுது. மைக்குக்கு மட்டும் 12,000 ரூபா வரைக்கும் போடலாம்.

பிரச்சன என்னன்னா சுவத்துக்கு அந்தப்பக்கம் நாலு விசைத்தறி. காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் டக்கடக்கடக்கதான். ரூம் 10க்கு 10, டைல்ஸ் தரை, மொட்டைச் சுவரு. முன்னாடி ஆன்லைன்ல 1,500 ரூபாய்க்கு 'ஸ்டுடியோ கண்டென்ஸர்'னு ஒரு செட்டு வாங்கி ஏமாந்தேன், என் குரல விட தறிதான் அதுல தெளிவா கேட்டுச்சு, திருப்பி எடுத்துக்கவும் மாட்டேன்னுட்டாங்க. இப்ப பாதிப் பேர் ஏடி2020ங்கற கண்டென்ஸர் மைக்க வாங்குங்கறாங்க, பாதிப் பேர் எஸ்எம்58ங்கற மேடை மைக்கச் சொல்றாங்க. மேடைல பாடற மைக்க வச்சு ரெக்கார்டிங் பண்ண முடியுமா?

தட்டுவடை_செட்:
தறியவே தாளமா வச்சுப் பாடிருங்க அக்கா, தபலா காசு மிச்சம் 😄 நாலு தறியும் ஒரே தாளத்துல ஓடாது, அதான் இடிக்குது

செவ்வாய்பேட்டை_சவுண்டு:
மேல சிரிக்கறவர விடுங்க. நான் பத்து வருஷமா கோயில் பாட்டு, கல்யாண வீடியோ டப்பிங்னு இந்த ஊர்லயே ரெக்கார்டிங் பண்றவன், என் ரூமுக்கு ரெண்டு வீடு தள்ளி வெள்ளிப் பட்டறை, அதனால உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்.

டைனமிக் மைக் (எஸ்எம்58 இந்த வகை) வெளிய இருந்து வர்ற சத்தத்த எடுக்காது, கண்டென்ஸர் (ஏடி2020 இந்த வகை) எல்லாத்தையும் இழுக்கும்னு சொல்வாங்க, அது பாதிதான் உண்மை. எந்த மைக்குக்கும் உங்க குரல் எது தறி எதுன்னு தெரியாது. மைக்குக்கும் வாய்க்கும் நடுவுல எவ்ளோ தூரம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. தூரத்த பாதியாக்கினா குரல் 6 டெசிபல் ஏறும், ஆனா சுவரத் தாண்டி வர்ற தறி அப்படியேதான் இருக்கும். எஸ்எம்58 பக்கத்துல வாய வச்சுப் பாடறதுக்குன்னே செஞ்ச மைக்கு, 1966ல இருந்து வருது, நாலு விரக்கடைல நின்னு பாடலாம். ஏடி2020ல ஒரு சாண் தள்ளி நின்னாதான் நல்லாருக்கும், அந்த ஒரு சாணுக்குள்ளதான் தறி வந்து உக்காந்துக்குது.

ரெண்டுமே கார்டியாய்டு, அதாவது முன்னாடி கேக்கும், முதுகுப்பக்கம் காது மந்தம். அதனால மைக்கோட முதுகு தறிச் சுவரப் பாக்கணும், நீங்களும் அந்தச் சுவரப் பாத்து நின்னு பாடணும். எல்லாரும் என்ன பண்றாங்கன்னா சத்தம் வர்ற பக்கம் முதுகக் காட்டி நிக்கறாங்க, அப்ப மைக் நேரா தறியப் பாத்துட்டு இருக்கும். உங்க முதுகுக்குப் பின்னாடி, தலைக்கு ரெண்டு பக்கமும் கனமான பவானி ஜமக்காளம் கொடி கட்டித் தொங்க விடுங்க, மொட்டைச் சுவத்துல குரல் எதிரடிக்கறது குறையும். ஆனா ஜமக்காளம் தறிய நிறுத்திரும்னு நினைக்காதீங்க, அது எதிரொலிக்குத்தான். தறி அதிர்வு தரை வழியாவும் ஏறும், ஸ்டாண்டு காலுக்கடில பழைய மெத்தைத் துண்டு போடுங்க, மிக்ஸ் பண்றப்ப 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கற அடிச் சத்தத்த வெட்டி விடுங்க.

உங்களுக்கு எஸ்எம்58தான். ஆனா அதுல போலி நிறைய ஓடுது, ஒரிஜினல் 298 கிராம் இருக்கும், நம்ம ஊர் வெள்ளிக் கடைத் தராசுலயே போட்டுப் பாத்துருங்க. பில்லு, வாரண்டி இல்லாம வாங்காதீங்க.

மஞ்சக்குட்டை_காத்து:
நான் ஏற்காட்ல இருந்து. அண்ணன் சொல்றது அந்த ரூமுக்கு சரி, ஆனா கண்டென்ஸர் வேணவே வேணாம்ங்கற மாதிரி ஆயிரக்கூடாது. மெல்லிசா பாடறப்ப மூச்சு, 'ஸ' 'ஷ' எல்லாம் கண்டென்ஸர்ல வர்ற மாதிரி 58ல வராது, மேல கொஞ்சம் மூடின மாதிரிதான் இருக்கும். என் வீட்ல ராத்திரி சில்வண்டு மட்டும்தான், அதனால ரோடுங்கற கம்பெனியோட என்டி1 கண்டென்ஸர் வச்சிருக்கேன், அதோட சொந்த இரைச்சல் (மைக்கே போடற சத்தம்) 4 டெசிபல்தான், ஏடி2020க்கு 20. அம்மாபேட்டைல தறி ஓடறப்ப இந்த வித்தியாசம் காதுக்கே வராது, அதுக்குக் காசு குடுக்கறது தண்டம்.

எனக்கு வேற தலைவலி. பனி மூட்டம் ரூமுக்குள்ளயே வந்துரும், ஒரு ஐப்பசில மைக் திடீர்னு பொரியற மாதிரி படபடன்னு சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு, போச்சுடான்னு நினைச்சேன். கண்டென்ஸர்ல மெல்லிசான சவ்வுல மின்சாரம் நிக்கணும், ஈரம் படிஞ்சா அது கசிஞ்சு போயி இப்படித்தான் பொரியுமாம். சிலிக்கா ஜெல் போட்ட டப்பால ரெண்டு நாள் மூடி வச்சேன், சரியாயிருச்சு. இப்ப பாடி முடிச்சதும் அந்த டப்பாக்குள்ளதான் போகும். கீழ உங்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவா இருக்காது.

அம்மாபேட்டை_பாட்டுக்காரி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. நான் இத்தன நாளா தறிச் சுவத்துக்கு முதுகக் காட்டித்தான் பாடிட்டு இருந்தேன் 🤦 ரெண்டு சந்தேகம். அவ்ளோ பக்கத்துல பாடினா 'ப', 'ம' வர்றப்ப புஸ்ஸுன்னு அடிக்காதா? 58க்கு தனியா சத்தத்த ஏத்தற பூஸ்டர் டப்பா வேற வாங்கணும்னு ஒருத்தர் சொன்னாரே? அப்பறம் இன்னொன்னு, மாசம் ஒருதரம் எங்க ஏரியால பராமரிப்புக்குன்னு கரண்ட் கட் பண்ணுவாங்க, அன்னைக்கு தறி எல்லாம் நின்னுரும், தெருவே ஏதோ வேற ஊரு மாதிரி இருக்கும். அப்ப ரெக்கார்ட் பண்ணலாமா, இல்ல இன்டர்ஃபேஸுக்கு கரண்ட் வேணுமா?

செவ்வாய்பேட்டை_சவுண்டு:
'ப'க்குத்தான் அடிக்கும், 'ம' மூக்கு வழியாப் போறது, அது ஒண்ணும் பண்ணாது. மைக்க வாய்க்கு நேரா வைக்காம கொஞ்சம் ஓரமா, கடவாய்ப் பக்கம் வைங்க, காத்து தாண்டிப் போயிரும். பாப் ஃபில்டரும் (காத்து அடிக்காம தடுக்கற வலை) ஒண்ணு மாட்டிக்கங்க. கிட்ட வந்தா அடிக்குரல் கனமாகும், அது இந்த மாதிரி மைக்கோட குணம், ஒரே தூரத்துல நின்னு பழகிட்டா அழகாவே இருக்கும். பூஸ்டர் எஸ்எம்7பிங்கற மைக்குக்குத்தான் தேவைப்படும், அதுக்கு 60 டெசிபல் கெயினாவது (சத்தத்த ஏத்தி விடற அளவு) வேணும். நீங்க கோயில்ல பாடறவங்க, குரல் எடுப்பா இருக்கும், 58க்கு இருக்கற கெயினே போதும். அந்த 48 வோல்ட் பட்டன அமுக்க வேணாம், அது கண்டென்ஸருக்கு கரண்ட் அனுப்பறதுக்கு.

இன்டர்ஃபேஸ் யூஎஸ்பிலயே கரண்ட் எடுக்கற மாடலா இருந்தா லேப்டாப் பேட்டரிலயே ஓடும். கரண்ட் கட் யோசனை எனக்கு இத்தன வருஷமா தோணல பாருங்க!

அம்மாபேட்டை_பாட்டுக்காரி:
பாத்தேன்ங்க, யூஎஸ்பி ஒயர் மட்டும்தான் இருக்கு, அடாப்டர் இல்ல. அடுத்த கரண்ட் கட்டுக்குள்ள மைக் வாங்கிரணும். ஃபேன் இல்லாம அந்த ரூம்ல ஜமக்காளத்துக்குள்ள நின்னு எத்தன பாட்டு தாங்குவேன்னுதான் தெரியல.

தட்டுவடை_செட்:
அம்மன் பாட்டுதான அக்கா, அனலோட பாடினாதான் எடுபடும்