மாலைப் பயிற்சிக்குப் பிறகு பாடம் மனத்தில் தங்குவதில்லை: ஓட்டத்தை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி (எண்ணூறு மீட்டர்):

அனைவருக்கும் வணக்கம். நான் இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி அணிக்காக 800 மீட்டர் ஓடுகிறேன். வாரத்தில் ஆறு நாள்கள், காலை ஐந்தரை முதல் ஏழு வரையும் மாலை நான்கரை முதல் ஆறரை வரையும் பயிற்சி இருக்கிறது. இரவு எட்டரை மணிக்குப் புத்தகத்தைத் திறந்து பதினொன்றரை வரை உட்காருகிறேன் என்பதால் நேரமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தும் மறுநாள் வகுப்பில் எதுவும் நினைவுக்கு வருவதில்லை. சென்ற பருவத்தில் போட்டிப் பயணங்களால் இரண்டு ஆய்வக வகுப்புகளைத் தவறவிட்டேன். இயற்பு வேதியியலில் ஒரு தாள் அரியராகிவிட்டது. பேராசிரியர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். பயிற்சியாளரோ நேரத்தை ஒழுங்குபடுத்தச் சொல்கிறார். இரண்டையும் கடந்து வந்தவர்கள் வழிசொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (பழைய நீச்சல்காரி):

நான்கு ஆண்டுகள் கல்லூரி அணியில் நீந்தியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களிடம் இருக்கும் அந்த மூன்று மணி நேரமும் களைத்த நேரம். அதில் புதிய பாடம் ஏறாது. காலைப் பயிற்சி முடிந்து, சாப்பிட்டு, முதல் வகுப்புக்கு முன் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தைக் கடினமான பாடத்துக்கு ஒதுக்குங்கள். ஆய்வக அறிக்கைக்கு அட்டவணை போடுவது, வரைபடம் வரைவது போன்ற கைவேலைகள் இரவில் இருக்கட்டும்.

படிக்கும் முறையையும் மாற்ற வேண்டும். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே தெளிவாக முந்தினார்கள். ஆகவே நான்காவது முறை படிப்பதற்குப் பதிலாகப் புத்தகத்தை மூடிவிட்டு, நேற்றைய சமன்பாட்டை வெற்றுத் தாளில் வருவித்துப் பாருங்கள். இதைப் பயணப் பேருந்திலும் செய்யலாம், பக்கத்து இருக்கைக்காரர் தூங்கினால்.

மறுமொழி 2 (கரும்பலகை):

தம்பி, நான் ஆசிரியர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். போட்டி முடிந்து திரும்பிய பிறகு காரணம் சொல்லும் மாணவருக்கு உதவ மனம் இருந்தாலும் வழி இருப்பதில்லை. பருவம் தொடங்கும் வாரத்திலேயே போட்டி அட்டவணையை எழுத்தில் கொடுத்து, எந்தெந்த நாள் வர இயலாது, அதற்கு ஈடாக எப்போது வரலாம் என்று கேட்பவருக்கு வேறொரு குழுவோடு ஆய்வகத்தில் இடம் ஒதுக்குவது எங்களுக்கு எளிது. விரிவுரையை நண்பரின் குறிப்பேட்டிலிருந்து ஈடுகட்டலாம். தவறிய தரம்பார்த்தல் சோதனையை (கரைசலின் செறிவை ஆய்வகத்தில் கண்டறிவது) எந்தக் குறிப்பேடும் ஈடுகட்டாது. எனவே பயணம் குறைவான கிழமையில் வரும் ஆய்வகக் குழுவையே தேர்ந்தெடுங்கள்.

2008-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர் மைரன் ரோல், ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க உதவும் ரோட்ஸ் உதவித்தொகைக்கான நேர்காணலும் மேரிலாந்துப் பல்கலைக்கழக அணியுடனான ஆட்டமும் ஒரே நாளில் வந்தபோது, நேர்காணலை முடித்துவிட்டு, ஆட்டம் தொடங்கிய பிறகே வந்து சேர்ந்தார். அவர் பின்னாளில் நரம்பியல் அறுவை மருத்துவரானார். அணி நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததால்தான் அது நடந்தது.

மறுமொழி 3 (மூன்றாம் சுற்று):

மேலே உள்ள இரண்டும் நல்ல யோசனைகளே. ஆனால் அடிப்படைக் கணக்கை யாரும் போடவில்லை. ஒரு நாளைக்கு மூன்றரை மணி வீதம் ஆறு நாளுக்கு 21 மணி நேரப் பயிற்சி. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, போட்டிப் பருவத்தில் நாளுக்கு 4, வாரத்துக்கு 20 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. போட்டிகளும் அதற்குள் அடக்கம். (பயணம் அதில் சேராது என்பதால், அந்த வரம்பும் முழு உண்மையைச் சொல்வதில்லை.) நீங்கள் போட்டி இல்லாத வாரத்திலேயே அதைத் தாண்டிவிடுகிறீர்கள்.

பதினொன்றரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுபவருக்கு ஐந்தரை மணி நேரத் தூக்கம் கூட மிஞ்சாது. படித்தது நினைவில் ஊன்றுவதும் தசை தேறுவதும் தூக்கத்தில்தான். ஸ்டான்ஃபோர்டு கூடைப்பந்து வீரர்கள் 11 பேரைப் பல வாரங்கள் இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லி, 2011-இல் வெளியான ஆய்வில், அவர்களது விரைவோட்ட வேகம் கூடியது. தடையில்லா எறிதலின் துல்லியமும் 9 சதவீதம் உயர்ந்தது. சிறிய குழு, ஒப்பீட்டுக் குழுவும் இல்லை என்பது உண்மையே. ஆயினும் பயிற்சியாளரிடம் பேசுவதற்கு இது உதவும். இரண்டு காலைப் பயிற்சிகளைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். 1954-இல் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடிய ரோஜர் பானிஸ்டர் அப்போது மருத்துவ மாணவர். மதிய இடைவேளையில்தான் பெரும்பாலும் பயிற்சி செய்தார். இன்றைய போட்டிக்கு அந்த அளவு போதாது என்பதை அறிவேன். குறைந்த நேரத்தில் செறிவாக ஓட முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எண்ணூறு மீட்டர்:

மூவருக்கும் நன்றி. 21 மணி என்ற கணக்கை நான் ஒருமுறையும் கூட்டிப் பார்த்ததில்லை. பயிற்சியாளரிடம் பேசினேன், இரண்டு நாள் கேட்டதற்கு, அரியர் தேர்வு முடியும்வரை புதன்கிழமைக் காலையை மட்டும் விட்டுக்கொடுத்திருக்கிறார். ஆய்வகக் குழுவை மாற்றிக்கொள்ளும் தேதி கடந்துவிட்டது. எனினும் போட்டி அட்டவணையைப் பார்த்த பேராசிரியர், இரண்டு வகுப்புகளை வியாழக்கிழமைக் குழுவோடு செய்ய அனுமதித்தார். பத்து மணிக்குப் படுக்கத் தொடங்கி நான்கு நாள்களாகின்றன.