புதுப்பிப்பு: டைரி 43-ஆவது நாள்

டைரி எழுத ஆரம்பித்தால் பத்தே நாளில் நின்றுபோகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இன்று 43-ஆவது நாள்!

தேதி போட்ட டைரியை விட்டுவிட்டேன். ஒரு நாள் தவறினால் அந்த வெற்றுப் பக்கமே மனதைச் சோர்வாக்கிவிடும். இப்போது சாதாரணக் கோடு போட்ட நோட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நான்கு வரி. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்த செய்தியும் வியாபாரமும் ஊர்ப் பேச்சும்தானே நிறைய இருக்கின்றன? அதைப் படித்ததும் தைரியம் வந்தது. நானும் முருங்கைக்காய் விலை, அம்மா போனில் சொன்னது என்று எழுதுகிறேன்.

அப்புறம், நேற்று பழைய பக்கங்களைப் புரட்டினேன். முழங்கால் வலி என்று அம்மா மூன்று முறை சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.